சீட் கவரைக் கிழித்தவள்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்று அதற்கு நடந்த மரியாதை, கல்யாணமாகி வந்த அன்று எனக்கு நடக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு ஆரத்தித் தட்டு, அதுவும் அவசரத்தில் கரைத்தது. காருக்கு மூன்று தட்டு. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்க எலுமிச்சம்பழங்கள், முன்னால் உடைக்க ஒரு பெரிய பூசணிக்காய். உடைத்த பூசணிக்காயில் எதிர்வீட்டுக்காரரின் பைக் ஏறி வழுக்கி விழுந்தது. எங்கள் காரால் நடந்த முதல் விபத்து அதுதான். அப்போது காரை ஸ்டார்ட்கூடச் செய்திருக்கவில்லை. திருஷ்டி நம்மை விட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது பார் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அவர் நெல் போடுகிறார். நான் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளக்கிறேன். அவருக்கு டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. டிராக்டர் ஓட்டியவனுக்குக் கார் ஒரு பொம்மை என்பது அவர் கட்சி. அந்தப் பொம்மையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு தடவை காஞ்சிபுரம் போய் வந்தேன். அந்தப் பயத்தில்தான் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். ஊரே சிரித்தது. பேரன் எடுக்கப் போகிற வயதில் இவளுக்கு எதற்கு ஸ்டியரிங் என்றார்கள். லைசென்ஸ் வந்தது. சாவி வரவில்லை. நான் ஓட்டினால் கிளட்ச் தேய்ந்துவிடுமாம். அவர் ஓட்டினால் மட்டும் வளரும் போலிருக்கிறது.

காரைப் பராமரிப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்ற பெண்ணுக்கு ஒரு நாள் தலை குளிப்பாட்டி விட்டதில்லை; காருக்குத் தினமும் ஷாம்பு. வெள்ளிக்கிழமை கற்பூரம். கண் படாமலிருக்க முன்னால் மிளகாயும் படிகாரமும் கட்டித் தொங்கவிட்டார். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டால் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்து, இருக்கிறது என்பார். காரோடு கொடுத்த புத்தகத்தை மஞ்சள் தடவிப் பூஜை அறையில் வைத்துவிட்டார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, இங்கிலீஷ் புரியாத இடத்தில் படத்தைப் பார்த்து, நான்தான் படித்தேன். கார்க்காரன் எழுதிய அவ்வளவு பெரிய புத்தகத்தில் எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சீட் பெல்ட் விஷயத்தில் அவர் ஒரு விஞ்ஞானி. பெல்ட் போடாவிட்டால் இந்தக் கார் கத்தும். அதனால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். கார் ஏமாந்து வாயை மூடிவிடும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போலீஸ்காரர் நின்றால் மட்டும் பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார். போலீஸ்காரரைத் தாண்டியதும் விட்டுவிடுவார். அந்தச் சில நிமிடங்களுக்குள் விபத்து நடந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது உறுதி.

பின் சீட்டுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கார் வந்த வாரமே மெரூன் நிறத்தில் பூப்போட்ட சீட் கவர் போட்டார். கவர் போட்ட கடைக்காரர், பின் சீட்டில் பெல்ட்டைச் சொருகி மாட்டுகிற பக்கிள் எல்லாவற்றையும் கவருக்கு அடியில் தள்ளி, மேலே சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்துவிட்டார். நடுவிலும் இரண்டு பக்கமும் பெல்ட் இருக்கும். சொருக இடம் இருக்காது. எங்கள் பக்கத்துக் கார்களை எட்டிப் பாருங்கள், பாதிக் கார் இப்படித்தான். பின்னால் எவன் பெல்ட் போடுகிறான் என்று கடைக்காரரும் கேட்பார், வீட்டுக்காரரும் கேட்பார். எனக்கும் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை, என் பெண் அந்த சீட்டில் உட்காரவேண்டி வருகிறவரைக்கும்.

எங்களுக்கு ஒரே பெண். தென்னேரியில் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை உண்டானபோது மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அவள் பேச்சையே விட்டுவிட்டாள். போனில் கூப்பிட்டால் சாப்பிட்டேன் என்பாள், வைத்துவிடுவாள். மறுபடி உண்டாகி ஏழாம் மாதம் வந்தபிறகுதான் அவள் குரலில் உயிர் வந்தது. மாசியில் அங்கே வளைகாப்பு. மறுநாள் காலை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத், பாலாற்றுப் பாலம், அதன்பிறகு கிராமத்து ரோடு. அந்த ரோட்டில் வயிற்றுப் பிள்ளையோடு அவளை இவர் ஓட்டிக்கொண்டு வரப்போகிறார் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளோடு செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். பெல்ட் கட்டாயம் போட வேண்டும் என்றார். தன் துப்பட்டாவை எடுத்துக் கட்டிக் காட்டினார்: கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை ஆரம்பிக்கிற இடத்தில் இடுப்பு எலும்பின்மேல் படிய வேண்டும், மேல் பட்டை மார்புக்கு நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும், வயிற்றின்மேல் எதுவும் வரக்கூடாது. எனக்குப் புரிந்தது. இனி வேண்டியது ஒரு பக்கிள்தான்.

அதைக் கவருக்கு வெளியே எடுத்துத் தரச்சொல்லி வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்தது, நெல் காயட்டும் என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார்: அது ஒரே துணியாம், ஒரு இடத்தில் கை வைத்தால் மொத்தமும் போய்விடுமாம், இன்னும் புது வாசனைகூடப் போகவில்லையாம். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால், அவர் கழனிக்குப் போன நேரம் பார்த்து, யூரியா மூட்டை பிரிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பின் சீட்டில் ஏறினேன். கையால் தடவிப் பார்த்து, மேடு தட்டிய இடத்தில் ஒரே கீறல். பக்கிள் உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாகக் கிடந்தது. வாசனை போகாமல் வைத்திருந்தது அதைத்தான்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பம்புசெட் மேடையில் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சினை மாடு செத்தபோதுகூட மனிதர் இப்படி உட்கார்ந்ததில்லை.

“உனுக்கு இன்னா கேடு வந்துச்சி?” என்றார் கடைசியில். “புது வண்டிய கத்தியால கீறி வெச்சிகீற.”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “கவரு கிழிஞ்சா தெச்சிக்கலாங்க. அவளுக்கு இன்னானா ஆனா எத்த வெச்சி தெக்கறது?”

அன்றைக்கும் அவர் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. வளைகாப்புக்குச் சீர்த் தட்டுகளை ஏற்றும்போது கிழிசல்மேல் ஒரு துண்டை விரித்து மூடினார். சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடக்கூடாதாம்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மறுநாள் காலை கிளம்பும்போதுதான் பஞ்சாயத்து. பின் சீட்டில் மகளை உட்காரவைத்து, துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, நான் பெல்ட்டை இழுத்தேன். காரைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டாக்டராகிவிட்டார்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்றார் ஒருவர். கொடி சுற்றிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. தன் மருமகள்மேல் உயிர். அவரே பயந்து, “வயித்த அமுக்குமே சம்பந்தி, வேணாமே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அமுக்காது என்று சொல்லி, டாக்டரம்மா காட்டியபடி அடிவயிற்றுக்குக் கீழே பட்டையைப் படிய வைத்துக் காட்டினேன். கை நிறைய கண்ணாடி வளையலோடு மகள் நெளிந்தாள். எல்லாரும் பாக்கறாங்கம்மா என்று முனகினாள். பார்க்கட்டும் என்று பக்கிளில் சொருகி, டக்கென்று சத்தம் கேட்டபிறகுதான் கையை எடுத்தேன். இந்தம்மாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலேயே சரியான வைத்தியம் அது ஒன்றுதான்.

நான் கட்டிய பெல்ட்டுக்குப் பரிகாரம் வேண்டாமா? சம்பந்தியம்மா அம்மன் கோவிலில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்தார். நான்கு சக்கரத்துக்கு அடியில். மிச்சமிருந்த ஒன்று, நல்ல உருண்டையாக, முன்னால் டேஷ்போர்டின்மேல். உருண்டு விழும், பையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அம்மன் பழத்தைப் பையில் போடுவதா என்று வீட்டுக்காரர் மூன்று நாள் மௌனத்தை அதற்காக முறித்தார். பழம் டேஷ்போர்டிலேயே இருந்தது. வழியெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். நான் பிடித்துப் பிடித்து நிறுத்தினேன். இடது கையால் தொடாதே என்றார். அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில்; என் பெல்ட் என் நெஞ்சில், அவருடையது வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால்.

பாலாற்றுப் பாலம் தாண்டி ரோடு குறுகியதும் நெல் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் தார் ரோடுதான் களம். அறுப்புக் காலத்தில் ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. நெல்லின்மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வரிசை. இவரும் வருஷா வருஷம் இப்படித்தான் காயவைக்கிறார், கல்லும் வைக்கிறார், கேட்கிற வண்டிக்காரர்களிடம் சண்டையும் போடுகிறார். அன்றைக்குத் தான் வண்டிக்காரர் ஆனதால், ரோட்டை இப்படி அடைத்தால் மனுஷன் எப்படிப் போவது என்று நியாயம் பேசிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துப் பாதியில்தான் நெல். ஒரு அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார். காலியாக இருந்த மறுபாதியில் எதிரே ஜல்லி லாரி வந்தது.

நின்று லாரிக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். இவரும் பிரேக்கை லேசாக ஒரு மிதி மிதித்தார். அந்தக் குலுக்கலில் பழம் டேஷ்போர்டிலிருந்து அவர் பக்கமாக உருண்டு கீழே போனது. அடுத்து ஓங்கி மிதித்தார். கார் நிற்கவில்லை.

“எறங்கல” என்றார். “பிரேக்கு எறங்கல.” அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் ஸ்டியரிங்கை நெல் பக்கம் ஒடித்தார். கல் வரிசையில் ஏறி கார் தூக்கிப் போட்டது. முன்னால் அந்த அம்மா. நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நெல்லின்மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து ஓரத்துப் பள்ளத்தில் குதித்ததைப் பார்த்தேன். அதோடு கார், ரோட்டோரம் வாரி வைத்திருந்த நெல் குவியலில் மூக்கை நுழைத்து, அதற்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் இடித்து நின்றது.

கார் முழுக்க எலுமிச்சம்பழ வாசனை. அதை இன்றைக்கும் என்னால் ரசம், சாதம் எதிலும் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் சீட்டோடு சீட்டாக இருந்தாள். பெல்ட் அவளைப் பிடித்து வைத்திருந்தது. பட்டை அடிவயிற்றுக்குக் கீழேயே இருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அடிபட்டதா என்றால் இல்லை என்று தலையை ஆட்டினாள். அசைகிறதா என்று கேட்டேன். அவள் வயிற்றையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. எனக்குப் பயம். இவரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் மோதிக் கீழுதடு கிழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம் வழிந்தது. அது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

“ஒதைக்குதும்மா” என்றாள் மகள். பிறகு அவரைப் பார்த்து, “நைனா, வாயில ரத்தம்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படி அழுதேன்.

பள்ளத்திலிருந்து ஏறி வந்த அம்மா மூச்சு வாங்க என் பக்கத்துக் கதவைத் திறந்தார். முழங்கையில் சிராய்ப்பு. அதற்குள் நெல்லுக்குச் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாய் நிறைய திட்டு தயாராக வைத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. எட்டிப் பார்த்தார். பின்னால் வளையல் கை, வயிறு. திட்டு அத்தனையையும் முழுங்கிவிட்டார். “நெல்லு கெடக்குது. மொதல்ல பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க” என்றார். அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, அந்த அம்மாவையும் எங்களோடு ஏற்றி அனுப்பினார். கிளம்புமுன் நான் குனிந்து பார்த்தேன். பிரேக் பெடலுக்கு அடியில் சப்பையாக ஒட்டிக்கிடந்தது அம்மன் பழம். கடைசியில் மிதித்த மிதியில்தான் உடைந்திருக்கிறது. கொஞ்சம் அழுகின பழமாக இருந்தாலாவது முதலிலேயே நசுங்கித் தொலைத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி டக்கு டக்கென்று ஓடியது. பயமில்லை, ஒரு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. பெல்ட் போட்டிருந்தாளா என்று முதலில் கேட்டார். போட்டிருந்தேன் என்றாள் மகள். உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்ற இவர், மேலே சுற்றிய ஃபேனை இதுவரை ஃபேனையே பார்த்திராதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் இரண்டு ஊருக்கும் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாரையும் காப்பாற்றியது எலுமிச்சம்பழமாம். அவ்வளவு பெரிய கண்டத்தைப் பழம் தன்மேல் வாங்கிக்கொண்டு நசுங்கிப்போனதாம். பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்து விபத்தை உண்டாக்கிய பழமே விபத்திலிருந்து காத்த பழமும் ஆகிவிட்டது. அரசியலில்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். அம்மனுக்கு அபிஷேகம் நடந்தது. பெல்ட்டுக்கு ஒரு பூகூட யாரும் வைக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவரும் தையல் போட்ட உதட்டோடு பழத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் பிரியும்வரை அதிகம் பேசக்கூடாதென்று டாக்டர் சொன்னதை நான் நடுநடுவே ஞாபகப்படுத்தினேன்.

நசுங்கிய காரைச் சரிசெய்யக் காஞ்சிபுரத்தில் விட்டார். திரும்பி வந்த பிறகு நான் அதில் ஏறவில்லை. ஆட்டோவில் போய் வந்தேன். அவரும் கூப்பிடவில்லை. பம்புசெட் பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தியிருந்தார்.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போகிற அன்று வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை நான் சொன்னபடி குழந்தைக்கென்று தனி சீட் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார், கூடை மாதிரி, காரின் பெல்ட்டை அதன்மேல் போட்டு மாட்டுகிற வகை. மாட்ட இடம் ஒன்றுதானே இருக்கிறது, மகளுக்கா பேத்திக்கா என்று யோசித்துக்கொண்டே பின் கதவைத் திறந்தேன்.

நான் கீறிய கீறல் அங்கே இல்லை. அந்த இடத்தில், சட்டைப் பித்தான் துளைக்குத் தைப்பதுபோல், மெரூன் நூலால் ஓரம் மடித்து நெருக்கமாகத் தைத்த ஒரு துளை இருந்தது. அதிலிருந்து பக்கிள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்த ஓரத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரே மாதிரி. குழந்தை சீட்டும் ஏற்கெனவே மாட்டியிருந்தது. நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

“பஜார்ல டெய்லர்கிட்ட குட்த்தேன்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல். “கிழிஞ்சிகினு பாக்க அசிங்கமா கீதுன்னுதான்.”

ஆமாம், கிழிந்தது ஒன்று, தைத்தது மூன்று. நான் பேத்தியைக் கூடையில் படுக்கவைத்தேன்.

அதற்குள் சம்பந்தியம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். அதே கோவில், அதே உருண்டை. இவர் பக்தியாக இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேராகக் காருக்குப் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, ஒரு மூலையில் வைத்து, மேலே சாக்கை மடித்துப் போட்டு, மூடினார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சாவியை மட்டும் எனக்கு இன்னும் தரவில்லை. கிளட்ச் கவலை தீரவில்லை போலிருக்கிறது. அவர்தான் உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுச் சொருகினார். பக்கத்தில் நான் சொருகினேன். பின்னால் மகள் சொருகினாள். சம்பந்தியம்மா பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துளை என்று தடவிக்கொண்டிருந்தார். இவர் ஸ்டார்ட் செய்யாமல் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார். சத்தம் கேட்கிறவரை காத்திருந்தார்.